பீரங்கிகள் இறங்கிய பிறகு

தோர்ண்டன் ஹீத் பஸ் தரிப்பருகே இன்று வீதிக்குத் தார் போடுகிறார்கள். அந்தக் காலத்துக் கப்பலுக்குப் பூசிய தார் மரத்திலிருந்து வடித்தது, இது வேறு. ஆனாலும் மணம் மூக்கில் ஏறியதும் நீதான் வந்து நின்றாய், கிரீனிச் கடல் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய கப்பல் வடத்தை முகர்ந்தபடி.

பழைய ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்றைப் பற்றி நாம் இருவரும் ஒரே வாரப் பத்திரிகையில் எழுதினோம். "மச்சான், நீ பீரங்கியளை எண்ணு. நான் ஆக்களைப் பாக்கிறன்" என்று பங்கு பிரித்தவன் நீ. பாய் விரித்து அது போன கடல்களும், துரத்திப் பிடித்த அடிமை வியாபாரிகளின் கப்பல்களும் எனக்கு. பீரங்கிகளை இறக்கி, தேம்ஸ் ஆற்றில் கட்டிவைத்து, பெரியம்மை நோயாளிகளை ஏற்றிய கிழட்டுக் காலம் உனக்கு. நல்ல பங்கு எனக்கு வந்ததென்று அன்றைக்கு மகிழ்ந்தேன்.

போன கிழமை நோர்பரியில் மரக்கறிக் கடை முதலாளி கேட்டார்:

"அண்ணை, அந்தக் கப்பல் கதை நீங்கள்தானே எழுதினனீங்கள்?"

"ஓம்."

"கரையில நிண்டு, கப்பலில கிடந்த மகளைக் கூப்பிட்ட தாய்... என்ர மனிசி இண்டைக்கும் அதைச் சொல்லுவா."

"அது நானில்லை. நான் சண்டைப் பகுதி."

"ஓ... அதில சண்டையும் இருந்ததோ?"

நீ உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்றிருப்பாய். செத்தவனோடு போட்டி போட்டு யார் வென்றது?

இப்போது பத்திரிகையின் பழைய கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறார்கள். கப்பலுக்கு ஓரிடம்தான். உன்னுடையதா, என்னுடையதா என்ற தெரிவை என்னிடமே விட்டுவிட்டார்கள். இரண்டையும் மேசையில் வைத்து வாசித்தேன். என்னுடையதில் ஒரு பிழையும் இல்லை. உன்னுடையதில் தேடினேன், ஆசையோடு தேடினேன். அகப்பட்டது. மூன்று பாய்மரங்களையும் கழற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். கொடியேற்ற ஒன்றை விட்டுவைத்திருந்தார்கள், படம் இருக்கிறது. எனக்கு வந்த சந்தோசத்தில் தேநீர் ஆறிப்போனது.

பிறகு அந்தத் தாயிடம் வந்தேன். மகளின் பெயரை நீ எழுதவே இல்லை. அவள் கூப்பிடுவது மட்டும் கேட்கிறது. அப்படி எனக்கு வராது. இத்தனை வருசம் எழுதியும் வரவில்லை.

உன்னுடையதை அனுப்பிவிட்டேன், பாய்மரத்தைத் திருத்தி. புத்தகத்தில் உன் பெயர்தான் இருக்கும். அந்த ஒரு மரம் என்னுடையது என்று வேறு யாரிடமும் சொல்லமாட்டேன் என உனக்குச் சத்தியம் செய்யத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இன்னும் வாய் வரவில்லை.