கரையான் மருந்து

18.1.2006, புதன்

என்னங்க,

ரசம் அடுப்பு மேலே இருக்கிறது. நான் அனுமந்தையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன்.

காலையில் பக்கத்து வீட்டு ஆண்டாள் அக்கா கேட்டார்: "ஏம்மா சத்யா, வெறகுக்கு அடியில உன் வூட்டுக்காரரு கரையான் மருந்து ஊத்துனாரே, அந்தக் கரையானையா குருவிக்குப் புடிச்சிப் போட்ட?"

அங்கிருந்துதான் பிடித்துப் போட்டேன். நீங்கள் மருந்து ஊற்றியதற்குக் கோபம் இல்லை. ஆனால் நம் பின்ச் குருவிக் குஞ்சுகள் நான்கும் செத்த அன்றே அந்த மருந்தால்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. "பனி ஒத்துக்கல, வுடு சத்யா" என்றீர்கள். நான்தான் கரையானை அதிகமாகக் கொடுத்துக் கொன்றுவிட்டேன் என்று மூன்று நாள் சோறு இறங்காமல் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மேல் கூண்டில் இரண்டு முட்டை நாளைக்குள் பொரிந்துவிடும். இனிமேல் கரையானே வேண்டாம். அவித்த கோழிமுட்டையை உதிர்த்து வையுங்கள். பூச்சிக்கு உப்பள வரப்புப் புல்லில் சின்ன வெட்டுக்கிளியாகப் பிடியுங்கள், அங்கே யாரும் மருந்து அடிப்பதில்லை.

வேலைக்குப் போகும்போது சாவியை அக்காவிடம் கொடுங்கள். அவர் குருவிகளுக்குத் தண்ணீர் வைப்பார்.

சத்யா

என்னைக் கூப்பிட வராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வருவேன். அன்றைக்கு நான் கேட்பதற்கு முன்னால் நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும்.