திரும்பிப் போகக் கூடாத குகை

2024 பெப்ரவரி 4, ஞாயிறு

இன்று றமீஸ் நானாவின் கடற்கொள்ளையர் தீவு விளையாட்டு, மூன்றாம் தரம். கட்டாரிலிருந்து வரும்போது ஊரில் மற்றவர்கள் பெரிய டீவி கொண்டுவர, இந்த மனுசன் ஏழு பெட்டி மேசை விளையாட்டுக் கொண்டுவந்தவர். அவருடைய மனைவி பர்ஸானாவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் காத்தான்குடியிலிருந்து பெட்டியும் கையுமாக ஆரையம்பதிக்கு, என் வீட்டு மேசைக்கு வந்துவிடுகிறார்.

மொத்தம் நாலு பேர். அவர், நான், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தனுஷா, அவளுடைய புருசன் மதுரன் அண்ணன். விளையாடி முடிந்ததும் ஒரு சுற்று வைப்போம். ஒவ்வொருவரும் அந்த விளையாட்டைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். கடைசி ஆள் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் மறுத்துப் பேசக் கூடாது.

றமீஸ் நானா: "கப்பல் சண்டை சோக்கு. ஆனா முதல்ல புதையல எடுத்தவன்தான் ஒவ்வொரு நாளும் வெல்றான்." தனுஷா: "தீவுக்குப் போய்ச் சேர முந்தியே எனக்குப் பசிச்சிட்டு." நான்: விதிப் புத்தகம் நாற்பது பக்கம், அதில் முப்பது வீண். எல்லாவற்றையும் பகடையே தீர்மானிக்கிறது என்றால் மூளையை வீட்டில் வைத்துவிட்டு வரலாமே. மதுரன் அண்ணன்: "இந்தச் சாகச விளையாட்டெல்லாம் பொய். ஒருத்தரும் உண்மையாப் பயப்படுறதில்ல."

அப்படிச் சொன்னவர், தானே ஒன்று செய்திருப்பதாகவும் சொன்னார். ஒரு வருசத்து வேலையாம். அச்சகத்தில் இருக்கிறவருக்கு அட்டை அடிப்பதும் வெட்டுவதும் பெரிய காரியமில்லை. அடுத்த கிழமை கொண்டுவருகிறார். எனக்குச் சந்தோசம். தனுஷா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள். ஏனாம்?

பெப்ரவரி 11, ஞாயிறு

'கருங்குகை.' பெட்டியைத் திறந்ததும் நானும் றமீஸ் நானாவும் எழும்பி நின்று பார்த்தோம். அவ்வளவு அழகு.

நாலு பேர் ஒரு கயிற்றோடு புதையல் தேடி மலைக்குள் போகிறோம். அட்டைகள் கவிழ்ந்திருக்கும், ஒவ்வொரு அடிக்கும் ஒன்றைப் புரட்ட வேண்டும். அவற்றுக்கு ஒரே வரிசைதான். கலைக்கவே கூடாது என்று முதல் விதியாக எழுதியிருக்கிறார். அடிக்கு ஒரு படி தண்ணீர் ஏறும். வெளியே வரும் வழியில் ஒருவருடைய கால் பாறைக்குள் சிக்கும். மற்ற மூவரும் அவரை விட்டுவிட்டு வரலாம், அல்லது திரும்பிப் போகலாம்.

றமீஸ் நானாவின் கால் சிக்கியது. விட்டுவிட்டு வந்தோம், வென்றோம். "நல்லா இரிப்பீங்க," என்றார். அவருடைய கருத்து: தண்ணீர் ஏறுவது நெஞ்சைப் பிடிக்கிறது. ஆனால் சிக்கிய ஆளுக்குச் செய்ய ஒன்றுமில்லை, சும்மா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பெப்ரவரி 18, ஞாயிறு

இரண்டு தரம் விளையாடினோம். இரண்டு தரமும் திரும்பிப் போனோம். இரண்டு தரமும் நாலு பேரும் செத்தோம்.

சுற்றில் நான் சொன்னேன்: திரும்பிப் போனால் தோல்வி நிச்சயம் என்றால் அது தெரிவே இல்லை. விளையாடுகிற ஆளை ஏமாற்றுவது. விதியில் பிழை இருக்கிறது, திருத்த வேண்டும்.

மதுரன் அண்ணன் முறை வருமுன்னமே பேசினார். இதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை. "பிழை ஒண்டுமில்ல. கிறுகிப் போனா எல்லாரும் சாகோணும். அதுதான் சரி." குரல் உயர்ந்துவிட்டது.

எனக்கு எரிச்சல் வந்தது. சரி, பெட்டியைத் தாருங்கள், வழி இருக்கிறதா இல்லையா என்று நான் பார்க்கிறேன் என்றேன். "விடு யசோ," என்றாள் தனுஷா. அவர் தந்தார். "பாருங்க, பாருங்க. ஒரு வழியும் இல்ல."

கணக்கு டீச்சரிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

பெப்ரவரி 24, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

ஆறு நாள், அரைக் கொப்பி. உள்ளே போகும்போதே கயிற்றை மூன்றாம் வளைவில் கட்டிவிட்டுப் போக வேண்டும். புதையலைத் தொடவே கூடாது. கால் சிக்கிய உடனே ஒருவர் மட்டும் திரும்ப வேண்டும், மற்ற இருவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நாலு பேரும் தப்பலாம், தண்ணீருக்கு ஒரு படி மிச்சமும் இருக்கும். மூன்று தரம் சரிபார்த்தேன்.

பின்னேரம் எல்லாவற்றையும் படம் எடுத்துக் குறூப்பில் போட்டேன். "மதுரன் அண்ணன், உங்கட விதி பிழை! ஆளை விட்டுட்டு வரத் தேவையே இல்ல. கொஞ்சம் யோசிச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்!" சிரிக்கிற முகம் மூன்று வைத்தேன்.

பார்த்திருக்கிறார். பதில் இல்லை. ரோசக்கார மனுசன்.

பெப்ரவரி 25, ஞாயிறு

றமீஸ் நானா மட்டும் வந்தார். "டீச்சர், மதுரன் குறூப்ப விட்டுப் போயிட்டார், பாத்தீங்களா?" இருவராக ஒன்றும் விளையாட மனம் வரவில்லை. ஒரு விளையாட்டுக்காக இவ்வளவா என்று நான் கேட்டேன். அவர் பெட்டியைத் திறக்காமலே கொண்டு போய்விட்டார்.

பெப்ரவரி 28, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் தனுஷா நின்றாள். உள்ளே வந்து இருந்தவள் முதலில் கேட்டது, "உனக்கு உதயரூபன ஞாபகமிரிக்கா?"

ஞாபகமில்லாமல் என்ன. மதுரன் அண்ணனின் தம்பி. இவர்கள் கலியாணத்துக்கு முந்தின வருசம், மாரி காலத்தில், பனிச்சங்கேணிக் களப்பில் தோணி கவிழ்ந்து செத்துப்போனவன். அண்ணனும் தம்பியும் ஒரே தோணியில். அண்ணன் நீந்திக் கரைக்கு வந்தார். தம்பி வரவில்லை. பன்னிரண்டு வருசம். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை, அவன் ஒரு சத்தமும் போடாமல் உடனே அமிழ்ந்துவிட்டான் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார். அந்த ஆண்டுத் திவசத்தோடு தாயின் வீட்டுப் பக்கம் போவதையும் விட்டுவிட்டார். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் மலையும் குகையும் என்றதால் நான் நினைக்கவே இல்லை. தண்ணீர் ஏறுகிறது யசோதினி, தண்ணீர்! கண் எங்கே போனது உனக்கு?

"ஒரு வருசமா இருந்து இருந்து அட்டைய மாத்தி மாத்தி வச்சவர்," என்றாள் தனுஷா. "கிறுகிப் போற ஆக்கள் தோக்கோணும். எப்பிடி விளையாடினாலும் தோக்கோணும். நாம நாலு பேரும் செத்த அண்டைக்குத்தான்டி மனுசன் நல்லா நித்திரை கொண்டவர். மறுகா நீ அந்தப் படத்தப் போட்டாய்."

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லம். நாலு நாளாக அவர் வேலைக்குப் போகிறார், வருகிறார், ஒரு சொல் பேசுவதில்லையாம். "இந்த மனுசன் எனக்கு மிஞ்சுமா யசோ?" என்று கேட்டாள்.

கொஞ்சம் யோசித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். நான் எழுதினது. சிரிக்கிற முகத்தோடு.

மார்ச் 2, சனி

ஆக்கள நோகடிக்கிறது என்ட வாய். என்ட கையும் இப்ப.

மார்ச் 9, சனி

மூன்று நாளாக என் கணக்கில் பிழை தேடுகிறேன். வாழ்க்கையில் முதல் தரம், பிழையாக இருக்கட்டும் என்று கும்பிட்டுக்கொண்டு. பிழை இல்லை. ஒரு படி மிச்சம், ஒரு படி மிச்சம், திரும்பத் திரும்ப.

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். கூட்டலில் பிசகிவிட்டேன் என்று. அவர் கண்டுபிடித்துவிடுவார், அட்டை ஒவ்வொன்றும் அவர் கையால் வெட்டியது.

பின்னேரம் அட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கும்போதுதான் பொறி தட்டியது. நான் எப்படிக் கண்டுபிடித்தேன்? எல்லா அட்டைகளையும் முகம் தெரிய மேசையில் விரித்து வைத்துக்கொண்டு. யாருடைய கால், எந்த இடத்தில், எத்தனையாம் படியில், எல்லாம் தெரிந்துகொண்டு. கயிற்றை மூன்றாம் வளைவில் கட்ட வேண்டும் என்று முதல் தரம் உள்ளே போகிறவனுக்கு எப்படித் தெரியும்? கவிழ்த்த அட்டையோடு போகிறவனுக்கு வழியே இல்லை. என் கணக்கு சரி. ஆனால் அது விளையாட்டே இல்லை, விளையாடி முடிந்த பிறகு போட்ட கணக்கு.

இது பொய் இல்லை. இதை அவரிடம் சொல்ல வேண்டும். நேரில்.

மார்ச் 11, திங்கள்

அச்சகத்துக்குப் போனேன். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காகிதக் கட்டு ஒன்றைத் தட்டி, இரிங்க என்றார். முகம் வற்றிப்போயிருந்தது. முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கொப்பியைத் திறந்து, திறந்த அட்டைக் கதையைச் சொன்னேன். நீங்கள் வைத்த விதிதான் சரி, ஒருவராலும் முடிந்திராது என்றேன்.

கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்.

"எனக்கு அட்டை திறந்துதான் கிடந்தது, யசோ. அவன் கூப்பிட்டது கேட்டது. ரெண்டு தரம். பக்கத்திலதான். நான் கிறுகிப் பாக்கல்ல. கிறுகினா நானும் போயிருவன் எண்டு பயம். கரைய மட்டும் பாத்து நீந்தினன்."

தனுஷாவுக்கு? தெரியாதாம். ஒருவருக்கும் சொன்னதில்லையாம்.

நான் பேசாமல் வந்திருக்கலாம். ஆறுதலாக ஏதும் சொல்லியிருக்கலாம். என்ன வந்ததோ, அழுகையா கோபமா தெரியவில்லை. "இத என்னட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? கேக்க வேண்டிய ஆள் பனிச்சங்கேணியில இரிக்கா. பன்ரெண்டு வருசத்தில ஒரு பிள்ளையும் செத்து, மத்தப் பிள்ளையும் வாறதில்ல!" என்று கத்திவிட்டேன். இயந்திரச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிராது. அவருக்குக் கேட்டது. எழும்பிப் போய்விட்டார்.

சரிசெய்யப் போய் இன்னும் குழப்பிவிட்டு வந்திருக்கிறேன். பஸ்ஸில் கொப்பியைக் கிழித்தேன்.

மார்ச் 31, ஞாயிறு

நோன்பென்று றமீஸ் நானாவும் வருவதில்லை. ஐந்து கிழமையாக மேசை வெறுமை. தனுஷா போன் எடுப்பதில்லை. அவளையும் இழந்துவிட்டேனா?

ஏப்ரல் 8, திங்கள்

தனுஷா எடுத்தாள். முந்தநாள் அவர் அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டாராம். அவள் ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லையாம், இப்போது பேசுகிறாளாம். புதுவருசத்துக்குப் பனிச்சங்கேணி போகப் போகிறார்கள். "உன்னையும் வரட்டாம். 'கத்தின ஆள் கூட வரட்டும்' எண்டு சொல்றார்."

பயமாக இருக்கிறது. அந்தத் தாய் தாங்குவாவா? நான் யார் இதைச் செய்யச் சொல்ல?

ஏப்ரல் 14, ஞாயிறு

றமீஸ் நானா வான் எடுத்துக்கொண்டு வந்தார். பெருநாள் முடிந்து நாலே நாள், ஆனாலும் மறுக்கவில்லை. விசயம் இன்னதென்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. பனிச்சங்கேணியில் வானை றோட்டில் நிறுத்தி, குடும்பத்துக்குள் தான் வருவது சரியில்லை என்று அதற்குள்ளேயே இருந்துகொண்டார்.

புஸ்பம் அம்மா மகனைக் கண்டதும் வாசலில் அப்படியே நின்றுவிட்டா. "வாடா மனே" என்றுகூடச் சொல்லவில்லை. புதுவருசத்துப் பலகாரத்தை எடுக்கத் திரும்பினா, மதுரன் அண்ணன் தடுத்தார். இரிங்க அம்மா என்றார். நின்றபடியே சொன்னார். தோணி, இருட்டு, கூப்பிட்டது, தான் பார்க்காமல் நீந்தியது. ஒன்றையும் மறைக்கவில்லை. தனுஷா என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிய.

அவ அழவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. அடிக்கப் போகிறா என்று நினைத்தேன்.

"அவன் ஒரு சத்தமும் போடாமப் போயிட்டான் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் இரிக்கன்," என்றா. "எப்பிடிக் கூப்பிட்டான்?"

"அண்ணோய் எண்டு," என்றார் மதுரன் அண்ணன், கேட்டும் கேளாமலும்.

"அப்பிடியில்ல. அவன் கூப்பிட்ட மாதிரிக் கூப்பிடு. நான் கேக்கோணும்."

அவர் தலையை ஆட்டினார், முடியாது என்று. அவ விடவில்லை. கூப்பிடுடா, கூப்பிடுடா என்று நெஞ்சில் குத்தினா. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கூப்பிட்டார். இரண்டு தரம்.

றோட்டில் வான் கதவு அடித்துத் திறக்கிற சத்தம் கேட்டது. றமீஸ் நானா ஒரு காலில் செருப்பும் இல்லாமல், என்ன, ஆருக்கு என்ன என்று கேட்டுக்கொண்டு வளவுக்குள் ஓடி வந்தார்.