பதினேழாம் நம்பர் ஆன்டிபாடி

மார்ச் 3
இந்த மாதக் கடைசியில் ஆய்வகத்தில் என் ஒப்பந்தம் முடிகிறது. வைரஸைத் தடுக்கும் ஆன்டிபாடி ஒன்றாவது கிடைத்தால் நீட்டிப்பு. இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

மார்ச் 5
பதினேழாம் நம்பர்!! தட்டு முழுக்க இருட்டு!

அம்மாவுக்குப் போனில் விளக்கினேன்: எங்களுடையது டம்மி வைரஸ், ஆனால் மேலே இருக்கும் முள் புரதம் அசல். அந்த முள் நுனியால் செல்லைப் பிடித்து உள்ளே நுழைந்தால் செல் ஒளிரும். ஆன்டிபாடி நுனியைக் கவ்விக்கொண்டால் நுழைய முடியாது, இருட்டு.

"ரெண்டு கையிலயும் பையத் திணிச்சுட்டா எப்படிடா கதவத் திறப்பான்?"

ஆய்வகத் தலைவருக்கு என் இடத்தில் அம்மாவை வைத்திருந்தால் செலவு மிச்சம்.

மார்ச் 6
தலைவர் 12-ஆம் தேதி மாநாட்டில் பதினேழை அறிவிக்கப்போகிறார். பக்கத்து மேசை அக்காதான், "சம்பந்தமில்லாத வைரஸ் மேல போட்டுப் பாத்தியாடா?" என்றாள். அவளுக்கு வயிற்றெரிச்சல்.

மார்ச் 10
அக்காவின் வாயை அடைப்பதற்காகவே போட்டேன். அதுவும் இருட்டு.

ஒரு முள்ளின் வடிவத்துக்குப் பொருந்தும் ஆன்டிபாடி, வேறொரு முள்ளை எப்படித் தடுக்கும்? நுண்ணோக்கியில் பார்த்தேன். செல்கள் உருண்டு மிதக்கின்றன. பிணங்கள். செத்தவன் எங்கே விளக்குப் போடுவது?

பதினேழாம் நம்பர் குழாயில் மட்டும், கெட்டுப்போகாமல் இருக்க அசைடு என்ற ரசாயனத்தை ஊற்றியிருந்தேன். நான்தான். என் கையால். கெடாமல் வைக்கிற விஷம் செல்லையும் விட்டுவைக்குமா, முட்டாளே?

அசைடை நீக்கிவிட்டு மறுபடி வைத்திருக்கிறேன்.

மார்ச் 12
காலை ஒன்பது மணி. தட்டு முழுக்க வெளிச்சம். பதினேழாம் நம்பர் முள்ளை நன்றாகத்தான் பிடிக்கிறது—அடித்தண்டை, போலிருக்கிறது. நுனி சும்மா கிடக்கிறது. விருந்தாளி மாதிரி ஒட்டிக்கொள்கிறதே தவிர ஒரு வேலையும் செய்வதில்லை.

தலைவர் பதினோரு மணிக்கு மேடையேறுகிறார். சொல்லாமல் விட்டால்? நீட்டிப்பு கிடைக்கும். எத்தனை நாளைக்கு?

போன் செய்தேன்.

"உனக்கு நன்றி சொல்லி ஒரு ஸ்லைடே போட்டு வச்சிருக்கேன்டா."

"எடுத்துடுங்க சார்."

"எத?"

"ரெண்டையும். பதினேழையும், என்னையும்."

அசைடு விஷயத்தைச் சொன்னேன். "செல் உசிரோட இருக்கான்னு முதல்லயே பாக்க என்ன கேடு?" என்று கத்தினார். என்ன கேடு? அவசரம்தான்.

மார்ச் 16
தலைவர் திரும்பிவிட்டார். என் பக்கம் முகமே திருப்பவில்லை.

மார்ச் 31
பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். தலைவர் வந்து, அறுபது புது ஆன்டிபாடிக் குழாய்கள் இருந்த ரேக்கை மேசையில் டொக்கென்று வைத்தார். "ஆறு மாசம் நீட்டிப்பு. ஒவ்வொண்ணையும் மூணு தடவ."

ஏப்ரல் 22
நாற்பத்தொன்றாம் நம்பர். தட்டில் எங்கள் வைரஸ் போட்ட குழிகள் இருட்டு. சம்பந்தமில்லாத வைரஸ் போட்டவை பளிச்சென்று ஒளிர்கின்றன. செல்கள் உயிரோடு, தட்டின் அடியில் சமர்த்தாக.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடா, சத்தத்தையே காணோம்?"

"இன்னும் ரெண்டு தடவ வைக்கணும்க்கா."