வாசல் கம்பி மண்ணுக்குள் போயாச்சு

அத்தை,

கடலைக்கொடியை இறக்கிவிட்டு டிராக்டர் இப்போதுதான் போனது. தலைமுடி, புடவை, அடுப்படி எல்லாம் காய்ந்த கொடி வாசம். அந்த வாசம் வந்தாலே எனக்குப் பயம் என்று உங்களுக்குத் தெரியும். இன்று பயமில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ரோட்டுக் கம்பத்திலிருந்து நம் வாசலுக்குக் குறுக்கே, வீட்டின் தென்கிழக்கு மூலைக்கு அந்தக் கரண்ட்டுக் கம்பி போகும். "மீட்டரு அக்னி மூலையிலதான் இருக்கணும்" என்று கொத்தனாரிடம் சண்டை போட்டு ஜெயித்தவர் நீங்கள். அந்த ஒரே இணைப்பிலிருந்துதான் பின்கட்டில் உங்கள் மகனின் வெல்டிங் பட்டறைக்கும் ஒயர் இழுத்திருந்தது. அவர் பற்றவைத்தால் வீட்டு விளக்கு மங்கும், உங்கள் சீரியல் நடுங்கும். "அங்க கிரில்லு அடிக்கிறானா, என் டிவிக்கு வேட்டு வெக்கறானா?" என்று நீங்கள் கத்துவது பட்டறைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

அதெல்லாம் சிரிப்பு. மாட்டுக்குக் கொடி வரும் நாளில் மட்டும் சிரிக்க முடியாது. கம்பி தொய்ந்துபோய், மேலுறையும் வெடித்திருந்தது. வண்டியின் பாரமோ அதைவிட உயரம். ஹாரன் கேட்டதும் கவை வைத்த மூங்கிலோடு ஓடுவீர்கள். நீங்கள் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, கொடிமேல் உட்கார்ந்து வந்த ஆள் குப்புறப் படுத்துக்கொள்ள, வண்டி உள்ளே வரும். "காஞ்ச மூங்கில்ல கரண்ட்டு ஏறாதுடி." நான் கை நீட்டினால் தள்ளிவிடுவீர்கள். சாவிக்கொத்தைத் தராத மாமியார் புத்தி என்று உள்ளுக்குள் பொருமுவேன்.

பிறகு அந்தத் தூறல் நாள். மூங்கில் நனைந்திருந்தது. "சுர்ருனு இழுத்துச்சு" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். காபி கொடுத்துவிட்டு, இனிமேல் நான் பிடிக்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ரெண்டு புள்ளைக்கு சோறு போடற கையி இது. நான் இருக்கறவரைக்கும் நான் தூக்கறேன். எனக்கப்புறம் நீ தொடக்கூடாது. கம்பியே இருக்கக்கூடாதுனு அவன்கிட்ட சொல்லிட்டேன்."

அவர் எப்போதும் போல "அடுத்த அறுப்புக்குள்ள மாத்திடலாம்மா" என்றார். நீங்கள் கம்பி தூக்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியவருக்கு அது கோலம் போடுவது மாதிரி ஒரு வாசல் வேலை.

நீங்கள் காய்ச்சலில் போனீர்கள். அழுகைக்கு நடுவிலும் எனக்கு முதலில் தோன்றியது, கம்பி உங்களை எடுக்கவில்லை, படுக்கையில் போனீர்கள் என்பதுதான்.

அடுத்த அறுப்புக்கு ஹாரன் அடித்தது. மூங்கிலை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன். மூங்கில் இன்னும் கம்பியைத் தொடவில்லை. பட்டறையிலிருந்து வந்தவர் என்னைப் பார்த்து வெளிறிப்போனார். "கீழ போடு அதை! போடுடி!" அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. பாரம் முழுவதையும் ரோட்டிலேயே இறக்கி, இருவரும் தலைச்சுமையாக உள்ளே கொண்டுவந்தோம்.

மறுநாளே வேங்கிக்கால் மின்வாரிய ஆபீசுக்குப் போனோம். வீட்டு இணைப்பில் பட்டறை ஓட்டக்கூடாது, தனி சர்வீஸ் வாங்க வேண்டும் என்றார்கள். எலக்ட்ரீசியன் வந்து, பட்டறையில் எவையெல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் என்று கேட்டார். பிறகு வாங்கப்போகிற கம்ப்ரஸரை உங்கள் மகன் சொல்லாமல் விழுங்கப் பார்த்தார். "அதையும் இப்பவே சொல்லுங்க. கம்மியா கேபிள் போட்டுட்டு மறுபடி மாத்துவீங்களா?" என்று அவரை ஒரு வாங்கு வாங்கினார் எலக்ட்ரீசியன். நான் கேட்டது ஒன்றுதான்: எதுவும் வாசலுக்கு மேலே போகக்கூடாது. பள்ளம் தோண்டி, குழாய்க்குள் வீட்டுக்கும் பட்டறைக்கும் கேபிள் விட்டு, மணல் போட்டு, செங்கல் அடுக்கி மூடி, மேலே போன பழைய கம்பியைக் கழற்றினார்கள். பட்டறைக்குத் தனி மீட்டர், தனி எர்த் குழி, கதவருகே மொத்தத்தையும் நிறுத்த ஒரு சுவிட்ச். உங்கள் அக்னி மூலையை மட்டும் அசைக்கவில்லை. அசைத்தால் கனவில் வந்து திட்டுவீர்கள்.

இப்போது அவர் பற்றவைத்தாலும் டிவி நடுங்குவதில்லை. அந்தச் சீரியல் மருமகள் இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறாள்.

இன்று டிராக்டர்காரர் பழக்கத்தில் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "யக்கா, கம்பிய யாரு புடிக்கறது?"

"கம்பி இல்லண்ணா. நீங்க வாங்க."

வண்டி நகர்ந்தது. கொடிமேல் படுத்திருந்த ஆள் மேலே பார்த்தான், மெல்ல எழுந்தான், நிமிர்ந்து நின்றபடியே உள்ளே வந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களை ஒரு முறையாவது இப்படிச் சும்மா நிற்க வைத்து வேடிக்கை பார்க்க விட்டிருக்கலாம். அந்த ஏக்கம் எனக்குப் போகாது.

ஆனால் நீங்கள் கேட்டது நடந்துவிட்டது, அத்தை. வண்டி உள்ளே வந்து நிற்கிறவரை, உங்கள் மருமகள் நான் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.