நேரில் பார்க்காத ஓட்டம்

சிதம்பரம்
23.9.2024

அன்புள்ள தம்பி இளவரசுக்கு,

தமிழ்ச்செல்வி அக்கா எழுதுவது. கடலூர் விளையாட்டு விடுதியில் உனக்கு ஒரு வருஷம் சீனியர், நானூறு மீட்டர் ஓடியவள் என்றால் ஞாபகம் வரும். உன் நம்பர் என்னிடம் இல்லாததால் பேப்பர் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். நீயும் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

உன் விளையாட்டுப் பக்கத்தை இருபது வருஷமாக விடாமல் படிக்கிறேன். நம்ம கூட ஓடின பையன் என்று வீட்டுக்காரரிடம் காட்டிப் பெருமைப்படுவேன். சனிக்கிழமை பேப்பருக்காகக் காலை ஆறு மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். முதல் நாள் இங்கே நடந்த மாவட்டப் போட்டியில், எண்ணூறு மீட்டரில் என் மகள் இலக்கியா முதலாவதாக வந்தாள்.

நீ வேறொரு பெண்ணின் பெயரைப் போட்டிருக்கிறாய். பெயர் மாறிப்போவது நடக்கிறதுதான். ஆனால் அந்தப் பெண் கடைசி வளைவில் சீறிப் பாய்ந்தாள் என்றெல்லாம் எழுதியிருக்கிறாயே, தம்பி. அவள் இறுதி ஓட்டத்தின் முதல் சுற்றிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நான்தான் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். என் மகளின் பெயர் இரண்டாவது, மூன்றாவதில்கூட இல்லை.

அதைப் படித்துவிட்டு இலக்கியா கேட்டாள்: "நான் ஓடவே இல்லியாம்மா?"

கோபத்தில் எழுதவில்லை. அன்றைக்கு நீ வந்திருந்தாயா என்று மட்டும் சொல். என் நம்பர் கீழே இருக்கிறது.

உன் அக்கா,
தமிழ்ச்செல்வி

*

கடலூர்
4.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இளவரசு வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதம் ஒரு வாரமாக என் மேஜையில் இருக்கிறது. உங்கள் நம்பரை இரண்டு முறை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். பேசினால் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவேன் என்று பயம்.

நான் வரவில்லை, அக்கா. அன்று செம்மண்டலத்தில் என் வீட்டில்தான் இருந்தேன். காலையில் நடந்த தகுதிச் சுற்றின் பட்டியலை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதையே இறுதி முடிவு என்று எடுத்துக்கொண்டு, மீதியை நானாக எழுதினேன். இது முதல் தடவையும் இல்லை. சிதம்பரத்தில் நடக்கும் போட்டிகளை எல்லாம் இப்படித்தான் எழுதிவந்திருக்கிறேன்.

அந்த மைதானத்துக்குள் என்னால் போக முடியாது. 2001-ல் அங்கே நடந்த மண்டலப் போட்டி உங்களுக்கு நினைவிருக்கும். கடைசி நூறு மீட்டரில் மூன்று பேர் என்னைத் தாண்டினார்கள். எனக்கு மூச்சே இல்லை. தோற்றுப்போய் உங்கள் எல்லோர் முன்னாலும் நிற்பதைவிட விழுந்துவிடலாம் என்று தோன்றியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கா. அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் ஓடுவதையே விட்டேன். காயம்பட்ட நல்ல ஓட்டக்காரன் என்ற இரக்கத்தில்தான் பேப்பரில் வேலையும் கொடுத்தார்கள்.

என் மனைவி மாலதிக்குக்கூட இது தெரியாது. உங்களிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இலக்கியாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள்.

தங்கள் தம்பி,
இளவரசு

*

சிதம்பரம்
9.10.2024

தம்பி இளவரசுக்கு,

முழங்கால் விஷயம் எனக்கு அப்போதே தெரியும். ஸ்ட்ரெச்சரை ஒரு பக்கம் பிடித்தவள் நான். விடுதிக்குத் திரும்பிய அன்று வலது காலை நொண்டினாய், மறுநாள் இடது காலை. பத்தொன்பது வயசுப் பையன், போகட்டும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. அது உன் ஓட்டம், அதை நீ என்ன செய்தாலும் உன்னோடு போயிற்று. இது இலக்கியாவின் ஓட்டம்.

நீ மன்னிப்புக் கேட்டதை அவளிடம் சொன்னேன். ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலேயே சொன்னாள்: "பொய்ய ஊரு பூரா சொன்னாரு. மன்னிப்ப மட்டும் ஒங்கிட்ட ரகசியமா கேக்குறாராம்மா?"

பதினாறு வயசு அவளுக்கு. எழுத வேண்டியதை இனிமேல் எனக்கு எழுதாதே, பேப்பரில் எழுது.

தமிழ்ச்செல்வி

*

கடலூர்
28.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

சனிக்கிழமை பேப்பரில் வந்ததை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர்ப் பிழைக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி போதும் என்றார் ஆசிரியர். நான் எழுதிக்கொடுத்தது இது: "போட்டிக்கு நமது செய்தியாளர் இளவரசு செல்லவில்லை. செய்தியில் இருந்த வர்ணனை முழுவதும் அவருடைய கற்பனை. எண்ணூறு மீட்டரில் முதலாவதாக வந்தவர் சிதம்பரம் மாணவி ச. இலக்கியா." நான்கு நாள் இழுத்தடித்துவிட்டு அப்படியே போட்டார். விளையாட்டுப் பக்கத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் காய்கறி விலை கேட்டு எழுதுகிறேன்.

அன்று இரவே மாலதியிடம் முழங்கால் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். பதினெட்டு வருஷமாக மழைக்காலம் வந்தால் அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டவள். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "தேய்க்கையில வலிக்குதுன்னு மொகத்த சுளிப்பீங்களே, அது?" அதற்குப் பிறகு சாப்பாடு போடுகிறாள், பேச்சு இல்லை.

நேற்றுக் காலை சிதம்பரம் வந்தேன். உங்கள் வீட்டுக்கு வரத் தைரியம் இல்லை. மைதானத்துக்கு மட்டும் போனேன். இலக்கியா பயிற்சியில் இருந்தாள். நடை உங்களுடையது, கேட்காமலே தெரிந்தது. பக்கத்தில் போய் என் பெயரைச் சொன்னேன். பேப்பரைப் பார்த்திருக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவள் விடவில்லை.

"இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்கு சார். பாத்துட்டுப் போங்க. எழுத வேணாம்."

கடைசி வரை நின்று பார்த்தேன், அக்கா. அவள் எப்படி ஓடினாள் என்று உங்களுக்கும் எழுதப்போவதில்லை.

இளவரசு