முப்பத்தாறு நாள் துக்கம் காத்த அவைக்கு

மாரி பொய்யாதிருக்க! மக்கள் குரல் அடைபடாதிருக்க!

நீலவரைக்கும் கீழ்கடலுக்கும் இடைப்பட்ட நாடுகள் பன்னிரண்டையும் ஒரு குடைக்கீழ்ப் புரப்பவரும், செங்கோல் சாயாச் செல்வியும், மாந்தளூர் மணிமண்டபத்து வீற்றிருந்தருள்பவருமாகிய இளவெயினிப் பெருந்தேவியார் திருவுளப்படி, ஓலைநாயகன் கோளரி நக்கன் எழுதியது.

கீழ்ப்புல நாட்டுப் பேரவையின் முதல்வர் முல்லையதரையரும், அவையின் ஏடு காக்கும் திருநம்பியாரும், உறுப்பினர் ஐம்பத்தொருவரும் காண்க. உங்கள் கிணறுகள் தெளிந்திருக்க, உங்கள் ஆனிரை மடி நிறைந்திருக்க வாழ்த்து. வாழ்த்து இவ்வளவே. வழக்கமாக இவ்விடத்தில் இன்னும் ஆறு வரி எழுதுவதுண்டு. இன்று அவற்றை எழுதப் பெருமாட்டிக்கு மனம் வரவில்லை.

நிற்க. முல்லையதரையர் விடுத்த மறுமொழி ஓலை பன்னிரண்டு ஏடுகளாக வந்து சேர்ந்தது. கூவிளந்துறைச் செய்தியில் பேரவை எம்முறையும் வழுவவில்லை என்றும், ஒவ்வொரு நாளும் அவை விதிப்படி கூடி விதிப்படியே கலைந்தது என்றும், இவ்வளவு ஒழுங்காக நடந்த கூட்டம் தம் நினைவில் வேறில்லை என்றும் அதில் கண்டிருந்தது. பெருமாட்டி அதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் முறை படித்து முடிக்குமுன் போதும் என்று கையமர்த்திவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி இவர்களுக்கே அனுப்பு, தாம் செய்தது இன்னதென்று இவர்களே ஒருமுறை கேட்கட்டும் என்று பணித்தருளினார். ஆகவே எழுதுகிறேன். பொறுமையாகக் கேளுங்கள், முப்பத்தேழு நாள் ஒருவர் உங்களிடம் அப்படித்தான் பொறுத்திருந்தார்.

அவர் கூவிளந்துறையின் உறுப்பினர் வள்ளை நாச்சியார். ஓடக்குடியிற் பிறந்தவர். துறையிலுள்ள நாற்பது குடிகளும் குடத்திலிட்ட ஓலையில் அவர் பெயர் வந்தபோது, துடுப்பைத் தம்பி பூதன் கையில் கொடுத்துவிட்டு வைகாசி மூன்றாம் நாள் பேரவைக்கு வந்தார். அவர் கொண்டுவந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று. துறையின் ஓடம் கிழடாகிவிட்டது. அடிப்பலகை மூன்றிடத்தில் நீர் கசிகிறது. புது ஓடம் செய்ய அரசுக் காப்புக்காட்டில் ஓர் ஆயினி மரம் வெட்ட அவை இசைவு தரவேண்டும். ஆற்றில் புதுவெள்ளம் இறங்குமுன் தரவேண்டும். இவ்வளவுதான். அவர் நாடு கேட்கவில்லை, நகரம் கேட்கவில்லை. ஒரு மரம் கேட்டார்.

உங்கள் அவையின் நடைமுறை உங்களுக்குத் தெரியும். ஆயினும் வெளியார் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள். காலையில் முரசு மூன்று முறை அறைவார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு குன்றிமணியைக் கலத்திலிட, இருபத்தாறு மணி விழுந்ததும் அவை நிறைந்ததாகக் கொள்வார்கள். முதலில் இரங்கல், அடுத்து வினா, அதற்கடுத்து விண்ணப்பம், கடைசியாகச் சட்டம். இரங்கத்தக்கார் எவரேனும் இறந்த செய்தி வந்தால் அனைவரும் எழுந்து நின்றுவிட்டு அன்றைக்கு அவையைக் கலைத்துவிடுவது வழக்கம். அன்று படிக்க எடுத்து வைத்திருந்த விண்ணப்பங்கள் மறுநாள் மேலே வாரா; கட்டின் அடிக்குப் போய்விடும். அடேயப்பா, இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் வாழ்நாளில் ஒருவருக்கும் ஒரு விண்ணப்பமும் தந்திருக்க மாட்டார்.

இரங்கற்கலைவு பெருமாட்டியின் தந்தையார் காலத்தது. முதிய உறுப்பினர் ஒருவர், பஞ்சத்தில் ஊர்களுக்கு நெல் விடவேண்டுமென்று வாதாடிக்கொண்டிருக்கையிலேயே இருக்கையிற் சாய்ந்து உயிர் விட்டார். பெரிய மன்னர் கண் கலங்கி, இன்று எல்லோரும் வீட்டுக்குப் போங்கள், நாளை வந்து இவர் கேட்ட நெல்லைக் கொடுப்போம் என்றார். மறுநாள் கொடுத்தார். அவர் சொன்னது அந்த ஒரு நாளுக்கு. நீங்கள் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு அதை விதியாக்கி, யார் யாருக்கு இரங்கலாம் என்று இரங்கற்குரியார் ஏடு என ஒன்றும் எழுதி வைத்துக்கொண்டீர்கள். அந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்காதது அரண்மனையின் குற்றம் என்று பெருமாட்டி தாமே ஒப்புக்கொள்கிறார். அதையும் எழுது என்றார், எழுதிவிட்டேன்.

இனி அந்த முப்பத்தாறு நாட்கள். முதல் நாள் முல்லையதரையரின் மனைவியாருடைய தமக்கையின் மாமனார் காலமானார், அவை கலைந்தது. இரண்டாம் நாள் வடபுலத்து அரசரின் பட்டத்து யானை, அவை கலைந்தது. ஐந்தாம் நாள் இரங்கப்பட்டவர் இறந்து எட்டுத் திங்கள் ஆகிவிட்டிருந்தது. செய்தி இப்போதுதான் வந்தது என்று சொல்லிக் கலைந்தீர்கள். பதினான்காம் நாள் செய்ததை எழுதக் கை கூசுகிறது. செங்குன்றூர் நிலக்கிழார் மாண்டார் என்று எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைந்தீர்கள். மறுநாள் காலை அந்தக் கிழாரே பல்லக்கில் வந்திறங்கி, தமக்கு ஒரு தலைவலிகூட இல்லை என்று அவைநடுவில் நின்று சத்தம் போட்டார். நீங்கள் என்ன செய்தீர்கள்? அவர் உயிரோடிருக்கும் மகிழ்ச்சியைக் கொண்டாட அன்றும் கலைந்தீர்கள்! நன்றாயிருக்கிறது நியாயம், செத்தாலும் விடுமுறை, சாகாவிட்டாலும் விடுமுறை.

இவ்வாறாக வள்ளை நாச்சியாரின் விண்ணப்பம் ஏழு முறை கட்டின் மேலே வந்து ஏழு முறையும் அடிக்குப் போயிற்று. ஒவ்வொரு காலையும் முதல் ஆளாகக் குன்றிமணி இட்டுவிட்டு, இன்றைக்காவது யாரும் சாகாதிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். பத்தொன்பதாம் நாள் பொறுக்கமாட்டாமல் எழுந்து, விண்ணப்பத்தை முன்னே படித்துவிட்டு இரங்கலைப் பின்னே வைத்துக்கொண்டால் இறந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று சொன்னார். அதற்கு முல்லையதரையர், இறந்தோரை இகழ்ந்ததாகத் தீர்ப்புச் சொல்லி, அவரை அன்று பொழுது சாயும்வரை வாயிற்படிக்கு வெளியே நிற்க வைத்தார். வெயிலில் நின்றார். அவை அதற்குள் கலைந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் தண்டனை முடியும்வரை நின்றார். அவரல்லவா முறை வழுவாதவர்!

ஆற்றில் இவ்வாண்டு ஆடிக்கு முன்பே வெள்ளம் இறங்கிவிட்டது. ஓடத்தை இறக்காதே என்று வள்ளை நாச்சியார் தம்பிக்குச் சொல்லியனுப்பியிருந்தார். பூதனும் மூன்று நாள் இறக்கவில்லை. நான்காம் நாள் அக்கரையில் ஒரு பெண்ணுக்குப் பேறுவலி கண்டு, இக்கரையிலுள்ள மருத்துவச்சி குமரி நங்கையை அழைக்கிறார்கள் என்று கரைக்குக் கரை குரல் வந்தது. என்ன செய்வான் அவன்? கசிகிற இடங்களில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்து, மருத்துவச்சியை ஏற்றினான். நாற்று நடவுக்கு வந்து மூன்று நாளாக இக்கரையில் மாட்டிக்கொண்ட பெண்கள் எழுவர், வீட்டில் பிள்ளைகள் தனியே கிடக்கின்றன என்று அழுதுகொண்டு தாமும் ஏறினார்கள். நடு ஆற்றில் அடிப்பலகை பிரிந்தது. ஒன்பது பேரில் ஒருவரும் கரையேறவில்லை. அக்கரையில் பிள்ளை பிறந்துவிட்டது. மருத்துவச்சிதான் போய்ச் சேரவில்லை.

மறுநாள் காலை, முப்பத்தேழாம் நாள், ஊர்த்தலையாரி ஓடிவந்து அவை வாயிலில் சொன்ன சொல் உள்ளே எல்லோர் காதிலும் விழுந்தது. வள்ளை நாச்சியார் எழுந்தார். அழவில்லை என்கிறார்கள். அது இரங்கலுக்குரிய வேளைதான் என்றும், ஒன்பது பேர் இறந்திருக்கிறார்கள் என்றும், அவை எழுந்து நிற்கவேண்டும் என்றும் கேட்டார். திருநம்பியார் ஏட்டைப் புரட்டினார். ஓடக்காரர், மருத்துவச்சி, நடவாட்கள் என எவரும் இரங்கற்குரியார் ஏட்டில் இல்லை என்று அறிவித்தார். யானை இருக்கிறது, இவர்கள் இல்லை. முல்லையதரையர் உடனே, இன்று இரங்கத்தக்க இறப்பு ஏதுமில்லை, நெடுநாளைக்குப்பின் அவைக்கு ஒரு தடையற்ற நாள் வாய்த்தது, வேலையைத் தொடங்கலாம் என்றார். வாய் கூசாமல் சொன்னார். சொன்னது உங்கள் ஏட்டிலேயே பதிந்திருக்கிறது; அதிலிருந்துதான் பார்த்து எழுதுகிறேன்.

அன்று பொழுது சாயும்வரை உழைத்தீர்கள்! உறுப்பினர் குடைக்குக் குஞ்சம் எத்தனை விரல் நீளம் தொங்கலாம் என்று ஆய்ந்தீர்கள். வாயிலில் வைத்த எச்சிற்படிக்கம் வலப்பக்கமா இடப்பக்கமா என்று இரு அணியாய்ப் பிரிந்து வாக்களித்தீர்கள். பிறகு விண்ணப்பக் கட்டை அவிழ்த்தபோது, சுற்றிச் சுற்றி வந்ததில் கூவிளந்துறை ஓலைதான் மேலே இருந்தது. படித்தார்கள். வெற்றிலை மடித்து வாயில் போடும் நேரத்துக்குள் ஐம்பது பேர் ஆம் என்றார்கள். வள்ளை நாச்சியார் வாய் திறக்கவில்லை. ஆயினும் ஒருமனதாக என்று எழுதிக்கொண்டார்கள்.

அதோடு விட்டீர்களா? இல்லை. விண்ணப்பம் நிறைவேறப் பெற்றவர் எழுந்து அவையை வணங்கி நன்றி சொன்னால்தான் ஆணைக்கு முத்திரை விழும் என்பது உங்களுடைய இன்னொரு வழக்கம். திருநம்பியார் அதை நினைவூட்டினார். தம்பியின் உடல் அப்போதும் கிடைக்கவில்லை. வள்ளை நாச்சியார் எழுந்தார். முத்திரை விழாவிட்டால் மரம் இல்லை, மரம் இல்லாவிட்டால் துறைக்கு ஓடம் இல்லை என்று நினைத்துக்கொண்டார். இரு கைகளையும் குவித்து, உங்கள் ஐம்பது பேரையும் வணங்கி, நன்றி என்றார்.

இவ்விடம் கேட்டபோது பெருமாட்டி அரியணையிலிருந்து எழுந்துவிட்டார். வெகுநேரம் உட்காரவில்லை. அவர் உட்காராததால் அரசவையில் ஒருவரும் உட்காரவில்லை. வயிறு எரிகிறது என்றார். அந்தச் சொல்லை ஓலைக்கேற்றபடி மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன், மாற்றாதே என்றார்.

ஆகவே ஆணை. இரங்கற்குரியார் ஏடு இவ்வோலை கொண்டுவருவோன் கையில் ஒப்படைக்கப்படுக. அது இனி உங்களிடம் திரும்பாது. கீழ்ப்புலத்தில் யார் இறந்த செய்தி வரினும் அவை எழுந்து பத்து மூச்சு நேரம் நிற்க, பின் உட்கார்ந்து வேலை செய்க; இறப்பின் பேரால் அவை கலைதல் இன்றோடு ஒழிந்தது. படிக்கப்படாத விண்ணப்பம் மறுநாள் மேலேயே இருக்கும். நன்றி வாங்கிக்கொண்டு முத்திரை இடும் வழக்கத்தை இனி எவரேனும் நினைவூட்டினால், அவர் அன்று வாயிற்படிக்கு வெளியே நிற்க. எவ்வளவு நேரம் என்பது உங்களுக்கே தெரியும்.

முல்லையதரையரைப் பதவியிலிருந்து நீக்கலாமென்று அமைச்சர் விண்ணப்பித்தார். பெருமாட்டி இசையவில்லை, வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ள விடுவது இவருக்குத் தண்டனையா என்று கேட்டார். அவர் முதல்வராகவே இருக்கட்டும். ஆயினும் புது ஓடம் நீரில் இறங்கும் நாள்முதல் ஓராண்டுக்குப் பேரவை கூவிளந்துறையின் அக்கரையில் கூடும். உறுப்பினர் அனைவரும் இக்கரையில் தங்கி, காலையில் ஓடத்தில் போய் மாலையில் ஓடத்தில் திரும்புக. பல்லக்கும் தனிப்படகும் கூடா. வெள்ள நாளிலும் அவை உண்டு. முல்லையதரையர் முதல் நடையில் ஏறிக் கடைசி நடையில் இறங்குக.

துடுப்புப் பிடிக்க வள்ளை நாச்சியாரை ஏவலாமா என்ற கேள்வி எழுந்தது. ஏவுவது தகாது, கேட்டுப் பார்க்கவேண்டும் என்றார் பெருமாட்டி. மாந்தளூருக்கு வந்திருந்த அவரை அருகழைத்து, தம்பியை இழந்த அதே ஆற்றில், அந்த ஐம்பது பேரையும் தினமும் ஏற்றிச் செல்ல மனம் ஒப்புமா என்று தாமே வினவினார். அதற்கு அவர், ஓடத்தில் கால் வைத்தவர் யாராயினும் கரை சேர்ப்பதே தம் தொழில் என்றும், அதற்குத் தாம் எந்த ஏட்டையும் புரட்டிப் பார்ப்பதில்லை என்றும் விடை சொன்னார்.

இவ்வாணை ஆறு ஓடுங்காறும் நிற்க. மாந்தளூரில் ஆடி ஒன்பதாம் நாள், பெருமாட்டி தம் கையால் அரக்கு முத்திரை வைத்தருளியது. எழுதினேன் ஓலைநாயகன் கோளரி நக்கன்.

இதைப் பேரவையில் நின்றுகொண்டே படிக்கக் கேட்க. பூதன், குமரி நங்கை, நடவுப் பெண்கள் எழுவர்: இவ்வொன்பதின்மர் பொருட்டுப் பத்து மூச்சு நிற்க. நின்ற பின் கலையற்க. உட்கார்ந்து அடுத்த விண்ணப்பத்தை எடுக்க.