கன்வென்ஷனுக்குள் ரத்தம் ஏற வேண்டும்

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. உளுந்து ஊறப் போட்டேன், அரைக்க மறந்தேன். நேற்றும் இதே கதை. கர்ப்பப்பை எடுத்து மூன்று வாரம். தையல் நன்றாக ஆறிவிட்டது. தலைதான் சரியில்லை.

இன்று மறந்தவை: உளுந்து. மோட்டார் (தொட்டி நிறைந்து முற்றமெல்லாம் தண்ணீர்). அடுத்த வீட்டுக்காரியின் பேர். கடுகு என்ற சொல். டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு இதற்கு என்ன பேர் என்று நின்றேன். எண்ணெய் புகைந்துவிட்டது.

கன்வென்ஷன் (சபையின் வருடாந்தர நற்செய்திக் கூட்டம்) டிசம்பர் முதல் வாரம். சபைச் செயலாளர் சாம்ராஜ் அண்ணன் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்துவிட்டாராம். பிரசங்கியார் எல்லை தாண்டி, தமிழ்நாட்டு மார்த்தாண்டம் பக்கம். போன இரண்டு வருடமும் வந்தவரேதான். அவர் தமிழில் ஒரு வாக்கியம், நான் பக்கத்தில் நின்று மலையாளத்தில் அதே வாக்கியம். பதினோரு வருடமாக நான்தான். இந்த வருடமும் நான்தான்.

நவம்பர் 6, வியாழன்

பெண்கள் ஐக்கியக் கூட்டம். சபைக் கோயிலின் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது, நடுவில் இரண்டு தடவை நின்றேன். போதகரின் மனைவி தமிழில் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். முதலில் ஒழுங்காகத்தான் போயிற்று. ஓரிடத்தில் அவர் தமிழில் சொன்னதை நானும் அப்படியே தமிழில் சொன்னேன். எனக்கே தெரியவில்லை. இரண்டாம் தடவையும் அதே. ஆபரேஷன் செய்தவள் என்று எல்லோர் கண்ணும் என் மேல்தான். அப்புறம் அத்தனை பேரும் குனிந்து பைபிளைப் பார்த்தார்கள். ஒருத்தியாவது சிரித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அழுதேன். எழுதிவிட்டேன், போதும்.

நவம்பர் 7, வெள்ளி

சாம்ராஜ் அண்ணன் வந்தார். கையில் ஒரு சீப்பு ரசகதலி. பழத்தோடு வந்தபோதே விஷயம் புரிந்தது.

"லில்லி, நீ இந்த வருஷம் ரெஸ்ட் எடு. செலின் செய்யட்டு. காலேஜ் பிள்ள ஆக்கும், ரெண்டு பாஷையும் நல்லா வரும்."

"நான் செய்யுதேன் அண்ணா."

"ஒடம்பு முக்கியம் இல்லியா பிள்ளே?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. நோட்டீஸ்ல எனக்க பேரு உண்டா?"

உண்டு என்றார். அப்படியானால் இருக்கட்டும் என்றேன். பழம் நல்ல பழம்.

அவர் போனதும் மைனி (வீட்டுக்காரரின் அக்கா, எனக்காகச் செங்கல் ஊரிலிருந்து வந்து ஒரு மாதமாகக் கூட இருக்கிறார்) கட்டன் சாயா (பால் விடாத டீ) கொண்டுவந்தார். ரத்தம் ஏறக் கொடுத்த இரும்பு மாத்திரையை அதோடு விழுங்கினேன். வெறும் தண்ணீரில் குமட்டும்.

"நான் அன்னைக்கே சொன்னேன் கேட்டியா. கர்ப்பப்பைய எடுத்தா ஓர்மை போயிரும், எல்லாம் மறந்துபோவும். எனக்க நாத்தூனுக்கு அப்பிடித்தான். பிறகு திரும்பி வரவே இல்ல."

"அவுங்களுக்கு எழுபது வயசு மைனி."

"எடுத்தப்ப அறுபது ஆக்கும்."

வாயை அடைக்க முடியாது. ஆனால் மைனி சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. ரத்தக்குறைவு என்றால் ஏற்றிவிடலாம். எடுத்துப் போட்டதால் வந்தது என்றால், போனது போனதுதான். எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

நவம்பர் 11, செவ்வாய்

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி. பஸ்ஸில் சீட் கிடைத்தது. டாக்டரிடம் நேராகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். ஹெச்.பி. 7.6. பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம்.

"ரக்தம் நல்ல குறவாணு, டீச்சரே." (அங்கன்வாடி டீச்சர் என்று சீட்டில் போட்டிருக்கிறது.) மூளைக்குப் போக வேண்டியது சரியாகப் போகாவிட்டால் கவனம் நிற்காது, சொல் கிடைக்காது, களைப்பு வரும் என்றார். ஆபரேஷனுக்கு முன்பே மறதி இருந்ததா என்று கேட்டார்.

இல்லை, அப்போது நன்றாகத்தான் இருந்தேன் என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். ரத்தக்குறைவால்தான் என்று தோன்றுகிறது, ஆனால் இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன், ஏறட்டும், பார்ப்போம் என்றார். எனக்கு இன்றைக்கே பதில் வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை.

மாத்திரையை எதோடு சாப்பிடுகிறேன் என்று கேட்டார். கட்டன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாதாம். மூன்று வாரமாக ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியிருக்கிறேன். இன்றே டிரிப் வழியாக இரும்பு ஏற்றினார்கள். பழுப்பு நிறம், கட்டன் மாதிரியேதான் இருந்தது.

இனி: இ.மா. (இரும்பு மாத்திரை) எலுமிச்சை வெள்ளத்தோடு (எலுமிச்சை பிழிந்த தண்ணீர்). முருங்கைக்கீரை. ஈரல். கட்டன் சாயங்காலம் ஒன்று மட்டும். அது கஷ்டம்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில் வந்தது. போர்வையெல்லாம் துவைத்தது மைனி, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சி தொடங்கினேன். காலையில் ரேடியோவில் தமிழ்ச் செய்தி, நான் மீன் கழுவிக்கொண்டே மலையாளத்தில். மத்தி கேட்டுக்கொண்டிருந்தது, குறை சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரர் கடையடைத்து வந்து தமிழ்ப் பேப்பரை வாசித்தார். டைல்ஸ் விற்கிற மனுஷனுக்குப் பிரசங்கியார் வேஷம். சொந்தமாகவும் சேர்த்துக்கொண்டார்: "அன்பான சபையே, இந்த வீட்டில் மீன் குழம்பில் உப்பு இல்லாமல் ஒரு மனிதன் மூன்று நாளாய்த் தவித்தான்." அதையும் மொழிபெயர்த்தேன். உப்பு நிஜமாகவே இல்லையாம்.

நீளமான வாக்கியத்தில்தான் கை நழுவுகிறது. முன்பாதி வாயில் இருக்கும்போதே பின்பாதி போய்விடுகிறது.

நவம்பர் 19, புதன்

இதை விவரமாக எழுத வேண்டும்.

பழைய கன்வென்ஷன் எல்லாம் மைனியின் போனில் உண்டு. துபாயில் இருக்கிற தன் மகனுக்கு அனுப்ப வருடா வருடம் வீடியோ பிடிப்பார். அந்தப் பிரசங்கியாரின் வேகத்துக்குப் பழகலாம் என்று போன வருடத்ததை வாங்கிக் கேட்டேன். அவர் மூன்று காரியம் சொன்னார்: கீழ்ப்படிதல், பொறுமை, நன்றி. நான் இரண்டு சொன்னேன். நன்றியைக் காணோம். திரும்பப் போட்டேன். இல்லை. கொஞ்சம் தள்ளி, அவர் தமிழில் சொன்னதை நானும் தமிழிலேயே சொல்கிறேன், வெகு தைரியமாக, அல்லேலூயா வேறு. யாருமே கண்டுபிடிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இங்கே எந்தப் பாஷையில் சொன்னாலும் காதுக்கு ஒன்றுதான். போன வருடம் என்னை யாரும் குறிவைத்துப் பார்க்கவும் இல்லை.

போன வருடம் டிசம்பர். கர்ப்பப்பை உள்ளேதான் இருந்தது.

அதற்கு முந்தின வருடத்ததையும் கேட்டேன், முழுசும். ஒரு பிழை இல்லை. கர்ப்பப்பையில் இருந்த கட்டி பெரிதாகி, மாதம் பாதி நாள் ரத்தம் போகத் தொடங்கியது அதற்குப் பிறகு வந்த ஈஸ்டரில். டாக்டரிடம் நான் சொன்னது தப்பு. ரத்தம் போகத் தொடங்கியதோடு மறதியும் முன்பே வந்திருக்கிறது. வயசு, வேலை, தூக்கமில்லை என்று ஏதேதோ சொல்லிக் கடந்திருக்கிறேன்.

சிரித்தேன். சத்தமாக. மைனி அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்.

"என்னத்துக்கு பிள்ளே சிரிக்குத?"

"மைனி, போன வருஷமே நான் தப்புத் தப்பா சொல்லியிருக்கேன்."

"அதுக்கா சிரிப்பு? எனக்க கர்த்தாவே."

உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். மைனி இரண்டு தடவை கேட்டார்.

"அப்ப எடுத்ததுனால இல்ல."

"இல்ல."

"அதுக்க முன்னையே போச்சு ஒனக்க புத்தி." போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் சாயங்காலம் நான் கட்டனுக்குக் கை நீட்டியபோது எலுமிச்சை வெள்ளத்தை வைத்தார். சாயங்கால ஒன்று அனுமதி உண்டு என்றேன். "டாக்டருக்க அனுமதி. எனக்கது இல்ல."

நவம்பர் 27, வியாழன்

ஹெச்.பி. 9.8. மழை இல்லை. டாக்டரிடம் போன வருடக் கதையைச் சொன்னேன். நன்றாகக் கேட்டார், ரத்தக்குறைவால்தான் என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம் என்றார். இன்னும் ஏற வேண்டும், கணக்காக ஓய்வு எடுக்க வேண்டும்.

சாம்ராஜ் அண்ணனுக்குப் போன். "சரி, நீ செய். செலின் முன் வரிசையில இருக்கட்டு. ஒரு தைரியத்துக்கு ஆக்கும்." யாருடைய தைரியத்துக்கு என்று கேட்கவில்லை. இருக்கட்டும். நல்ல பிள்ளை, நன்றாகப் பாடுவாள்.

இன்று மறந்தது: குடை, பஸ்ஸில். அது எல்லோரும் மறப்பது.

டிசம்பர் 5, வெள்ளி, காலை

நேற்று முதல் கூட்டம். வெள்ளைச் சேலை. பாதிவரை நன்றாகப் போனது. அப்புறம் ஒரு நீளமான வாக்கியம். முன்பாதி சொன்னேன், பின்பாதி இல்லை. வெறும் வெளி. முன் வரிசையில் செலின் பாதி எழுந்துவிட்டாள்.

பழைய லில்லி என்றால் தோன்றியதைச் சொல்லி ஒப்பேற்றியிருப்பாள். பிரசங்கியாரின் கையைத் தொட்டேன்.

"ஐயா, ஒருக்கா கூட சொல்லுங்க."

மைக்கில் கேட்டுவிட்டது. பந்தல் முழுக்கக் கேட்டது. கேட்கட்டும். அவர் திரும்பச் சொன்னார், நான் முழுசும் சொன்னேன். செலின் உட்கார்ந்தாள்.

படுக்கும்போது மைனி: "நெறய பேரு பாத்தாவ." பார்க்கத்தானே வருகிறார்கள் என்றேன்.

டிசம்பர் 6, சனி, காலை

இ.மா. ஆயிற்று. எலுமிச்சை தீர்ந்தது, வாங்க வேண்டும்.

நேற்று பிரசங்கியார் வந்ததிலிருந்தே சின்னச் சின்ன வாக்கியம். மூன்று சொல், நிறுத்தம். நான்கு சொல், நிறுத்தம். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. நல்ல மனுஷன், எனக்காகத்தான். சபையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது.

பாட்டு வந்தபோது பக்கத்தில் போய்ச் சொன்னேன். "ஐயா, எனக்காகச் சின்னதாக்காண்டாம். நீங்க பழைய மாதிரி நீளமாவே சொல்லுங்க."

"உறுதியாவா சகோதரி?"

"உறுதி ஆக்கும்."

பாட்டு முடிந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடங்கினார். வழி தெரியாதவனுக்கு வெளிச்சம் கொடுத்து, வெளிச்சத்துக்கு வந்தவனுக்கு வழியும் கொடுத்து, இரண்டும் கிடைத்த பிறகும் நின்ற இடத்திலேயே நிற்கிறவனை விட்டுவிட்டுப் போகாமல் கையைப் பிடித்து நடத்துகிறவர். ஒரே வாக்கியம். நான் தொடங்கினேன். வெளிச்சம் வந்தது, வழி வந்தது, நின்றவன் வந்தான், கை வந்தது. எல்லாம் மலையாளத்தில், கடைசிச் சொல் வரைக்கும்.

முடிக்கும்போது பார்த்தேன். அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இல்லை.